அடிதானே என்றார்கள்

அந்த சீசனில் எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணி ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை. காரணம் கண்ணகி. கோல்கீப்பர், கருணாபுரத்துப் பெண். பந்து எங்கே வந்தாலும் உடம்பைத் தூக்கிப் போடுவாள். அரையிறுதியில் அப்படிப் பாய்ந்தபோது தலை இரும்புக் கம்பத்தில் மோதியது. பின்வரிசையில் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

எழுந்துவிட்டாள். "ஒண்ணுல்ல சுபா. நீ உன் ஆளப் பாரு."

ஜெயித்தோம். பி.டி. சார் தீனதயாளன் அவள் முதுகில் தட்டி, "சிங்கம்" என்றார். தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பும் வேனில் பாட்டும் கத்தலுமாக வந்தோம். ஊரை நெருங்கும்போது கண்ணகி ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். என் கையைப் பிடித்து, "கண்ணு மங்கலா கீதுடி" என்றாள்.

யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

வாந்தி, கண் மங்கல். எங்கள் ஊரில் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. விஷச்சாராயம் குடித்த அன்று அவள் அப்பா இதையேதான் சொன்னார். அவரோடு சேர்த்து அவள் தெருவில் வரிசையாகப் பாடைகள் கிளம்பின.

"இன்னா குடிச்ச?" சார் முன்சீட்டிலிருந்து எழுந்து ஓடி வந்தார். "யாராச்சும் எதனா குடுத்தாங்களா?"

"தலையில அடி சார்" என்றேன். யார் காதிலும் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எந்த ஊர் என்று கேட்டார். கருணாபுரம் என்றதும் வாயை மோந்து பார்த்தார். தலையில் அடி என்று மறுபடியும் சொன்னேன். டாக்டர், "குடிக்கல. தலைக்கு ஸ்கேன் எடுக்கணும், வெளிய வெயிட் பண்ணுங்க" என்றார். கண்ணகியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தோம்.

கண்ணகியின் அம்மா சாலம்மாள் சித்தாள் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தார். கையெல்லாம் சிமெண்ட்.

"குடிச்சாளா?"

"இல்லம்மா. கம்பத்துல தல இடிச்சிக்கினா" என்றேன்.

சாலம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தார். "அடிதானே! நாமக்கட்டிய ஒரசிப் பத்து போட்டா வீக்கம் வத்திடும். எய்ந்திரு கண்ணு, வூட்டுக்குப் போலாம்."

சார் முகமும் தெளிந்தது. "அடிக்கு எதுக்கு ஸ்கேனு? ரெஸ்ட் எடுக்கட்டும், ஃபைனல் வேற கீது." அவரே ஆட்டோ பிடித்தார்.

சாராயம் இல்லை என்றதும் எல்லாருக்கும் பயம் போய்விட்டது. எனக்கு அப்போதுதான் வந்தது. கண்ணகியின் ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. ஆட்டோவில் ஏறிக்கொண்டே, "எந்த ஊருக்கு மேட்ச்சுக்குப் போறோம்?" என்று கேட்டாள்.

ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"தள்ளு பாப்பா" என்றார் டிரைவர்.

"எம்மேல ஏத்திக்கினு போ."

"இன்னாடி ரவுடித்தனம்?" சார் கத்தினார்.

"கப்பு வாங்கத்தான் அவ வோணுமா சார்? தலைய ஒருவாட்டி தொட்டுப் பாத்தீங்களா?" சாலம்மாளிடம் திரும்பினேன். "ஏம்மா, சாராயம் மட்டுந்தான் ஆள சாவடிக்குமா? ஆடிட்டு வந்தவ எங்க ஆடப் போறோம்னு கேக்கறா!"

சாலம்மாள் மகளின் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். "கண்ணு, நான் யாரு?"

கண்ணகி யோசித்தாள். யோசித்ததே போதும். சாலம்மாள் அவளை அணைத்து இறக்கினார்.

தலைக்குள் ரத்தம் கசிகிறது என்றது ஸ்கேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் சாலம்மாளும் நானும் ஏறினோம்.

"பேசிக்கினே வா பாப்பா. அவளத் தூங்க வுடாத" என்றார் சாலம்மாள்.

எனக்குப் பேசத் தெரிந்ததெல்லாம் மேட்ச்சுதான். கல்வராயன் மலையிலிருந்து மழை இறங்கிச் சேறான மைதானம், எங்கள் காலில் ஆளுக்கொரு கலர் ஷூவைப் பார்த்துச் சிரித்த எதிர் டீம், அவள் வயிற்றால் தடுத்த பெனால்டி. கண்ணகி 'ம்' கொட்டினாள். தியாகதுருகம் தாண்டியதும் 'ம்' கம்மியானது. நான் குரலை உயர்த்தினேன். சாலம்மாள் மகள் வாயருகே காதை வைத்துக்கொண்டார்.

"நிறுத்தாத, சொல்லு" என்றார். "கேட்டுக்கினுதான் கீறா."