உரிமத்தின் இரண்டாம் பத்தி

லிஃப்டுகளை இயக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு விற்பனைக்குப் போன செவ்வாய்க்கிழமை, அதை எழுதிய புரோகிராமரின் வீட்டுச் சுவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. சுவர்கள் இருந்தன. தட்டினால் சத்தம் வந்தது, ஆணி இறங்கியது, மழை உள்ளே வரவில்லை. பார்வை மட்டும் தடையில்லாமல் போய்வந்தது. கொத்தனார் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "செங்கல்லும் நல்லாருக்கு, பூச்சும் நல்லாருக்கு. இதுல நான் செய்ய என்ன சார் இருக்கு?" என்று கிளம்பிவிட்டார். திரை மாட்டினால், சுவரைத் தொட்ட கணமே திரையும் தெளிந்துபோனது. சாத்திவைத்த பீரோவும் அப்படியே ஆனது. உள்ளே மடித்துவைத்த துணிகளைத் தெரு முழுக்கப் பார்த்தது.

காரணம் அவருக்குத் தெரியும். காத்திருப்பவர்களில் யாரிடம் லிஃப்ட் முதலில் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் பகுதி அவருக்குப் பிடிபடவே இல்லை. முகம் தெரியாத யாரோ எழுதி எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த நிரலை எடுத்துக்கொண்டார். எடுப்பதில் தப்பில்லை, விற்பதிலும் தப்பில்லை. எழுதியவரின் பெயரை நீக்கக் கூடாது என்றது அதனோடு வந்த உரிமத்தின் முதல் பத்தி. இதை எதனோடு சேர்த்து அடுத்தவர் கையில் கொடுக்கிறாயோ, அதன் மூலநிரல் முழுவதையும் இதேபோலத் திறந்து கொடு என்றது இரண்டாம் பத்தி. வெளியீட்டுக்கு முன்னால் இப்படிப்பட்ட வரிகளைத் தேடிப் பிடிக்கும் சோதனை ஒன்று அலுவலகத்தில் ஓடும். அதில் மாட்டாமலிருக்க, நிரலின் தலையிலிருந்த வரிகளை அவர் அழித்தார். பெயரும் பத்திகளும் ஒன்றாகப் போயின. சோதனை பச்சை காட்டியது.

புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைக்கும் மருந்துக்கும் பிறகு அவர் மனைவிக்கு முடி உதிர்ந்திருந்தது, ஒரு பக்க மார்பு இல்லை. வீட்டிலிருந்த கண்ணாடியையே திருப்பிவைத்திருந்தவள் அவள். இப்போது பகலெல்லாம் போர்வைக்குள்ளேயே இருந்தாள், அதற்குள்ளேயே உடை மாற்றினாள்.

அவர் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அந்தப் பகுதியைத் தானே புதிதாக எழுதிவிடுவதாகச் சொன்னார். ஏற்கெனவே விற்றவற்றுக்கு மூலநிரலைக் கொடுத்துவிடலாம் என்றும் கெஞ்சினார். "கொடுத்தா நாளைக்கே எதிர்க்கம்பெனிக்காரன் நம்ம சரக்க நமக்கே விப்பான். வீட்டுக்கு வேணா பெயின்ட் அடிச்சுக்கய்யா," என்றார் முதலாளி. வெளியே வந்ததும் கம்பெனி வக்கீல் தோளில் கைபோட்டு, "சேர்த்தாதான் தம்பி வம்பு. ரெண்டையும் தனித்தனியா ஓடவிட்டு, நடுவுல சேதி மட்டும் போய்வந்தா உரிமம் ஒட்டாது," என்றார். வக்கீல் மென்பொருளைத்தான் சொன்னார்.

"நீங்களே வெளியிட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"வேலை போயிடும். கம்பெனி இன்சூரன்ஸ் போனா உனக்கு மருந்து ஏது?"

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பிறகு, "வக்கீல் சொன்ன மாதிரியே செஞ்சுடலாம். நான் அண்ணன் வீட்டுல இருக்கேன். நீங்க சேதி மட்டும் அனுப்புங்க," என்றாள்.

அண்ணன் வீடு அடுத்த தெருவில். அவள் பையைத் தூக்கிக்கொண்டு அவர் படியேறியதும் அந்தச் சுவர்களும் தெளிந்தன. இறங்கியதும் மறைத்துக்கொண்டன. அதன்பின் அவர் கேட்டைத் தாண்டவில்லை. தினமும் வேலை முடிந்து கேட்டுக்கு வெளியே நின்று, கைபேசியில் 'சாப்பிட்டியா' என்று கேட்பார். உள்ளேயிருந்து 'ம்' என்று வரும். சில நாள் இருமல் மட்டும் சுவரைத் தாண்டி வரும். இதற்கிடையில் அந்தப் பகுதியைப் புதிதாக எழுதி முடித்தார், அடுத்த பதிப்பு போனது. பழைய பதிப்பு ஏதேதோ கட்டடங்களில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் வீட்டுச் சுவர்கள் திரும்பவில்லை. மழை வந்து போனது, வெயில் வந்து போனது. 'ம்' என்பதும் குறைந்தது.

ஒருநாள் அண்ணன் கேட்டுக்கு வந்தார். "மாப்பிள்ளை, உள்ள வாங்க. கூப்பிடறா."

"மச்சான், சுவரு..."

"நானும் சொல்லிப் பாத்தேன். பாக்கறவங்க பாத்துட்டுப் போறாங்க, அவர வரச்சொல்லுன்னுட்டா."

பள்ளிக்கூடம் விடும் நேரம், தெருவில் நல்ல கூட்டம். அவர் உள்ளே போக, சுவர்கள் தெளிந்தன. அவள் தலையில் துணி இல்லை, போர்வை இடுப்போடு நின்றது. "இளைச்சுட்டீங்க," என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் நின்று பார்த்தார். பிறகு வண்டியை இன்னொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனார். பிள்ளைகளைக் கூட்டிப்போன அம்மாக்கள் தரையைப் பார்த்து நடந்தார்கள். இருட்டுவதற்குள் அவள் உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் மூலநிரல் முழுவதையும், எழுதியவரின் பெயரோடு வெளியிட்டார். வேலை போனது. எதிர்க்கம்பெனிக்காரர் உட்பட ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. அவள் போன நாளில் அவர் படியிறங்கிய பிறகும் அண்ணன் வீட்டுச் சுவர்கள் மறைத்துக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டுச் சுவர்களும் தெளிந்தது தெளிந்தபடியே நின்றன. அவை திரும்பும் என்று உரிமத்தில் எந்தப் பத்தியும் இல்லை. அண்ணன் கொஞ்ச நாள் முணுமுணுத்தார். பிறகு, வீட்டுக்குள்ளும் சட்டை போட்டுக்கொண்டு இருக்கப் பழகிக்கொண்டார்.