பத்தாவது ஸ்தோத்திரம்

சர்ச் சமையலறையில் கும்ரே, ஊறிய கோஸ் இலை ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள். அடுத்த நொடியே தூவென்று துப்பினாள். உப்பென்றால் உப்பு, நாக்கே மரத்துப்போகிற உப்பு.

முந்நூறு கோஸ். நேற்று சாயங்காலம் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டது. அதிகாலை ஜெபம் முடிந்ததும் ஆறு மணிக்கே அலசி எடுத்திருக்க வேண்டும். இப்போது மணி ஒன்பது. மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். குன்சான் ஊரில் தனியாகக் கிடக்கும் நாற்பது முதியவர்களுக்குக் குளிர்காலம் முழுக்க இந்தக் கோஸில் போடும் கிம்ச்சி ஊறுகாய்தான் சோற்றுக்குத் துணை.

"கதவத் தொறக்க ஒன்பது மணி ஆச்சா? சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

கோஸ் அலச வந்திருந்த நாலு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒக்புன் அக்காகிட்ட. அவங்க இன்னும் மாடியில ஜெபத்துல இருந்தாங்க. இப்பத்தான் மெதுவா அவங்க பையிலருந்து எடுத்துட்டு வந்தோம்."

"ஆறு மணிக்கே எழுப்பிக் கேக்க வேண்டியதுதானே?"

"ஜெபம் பண்றவங்களை எப்படிக்கா தொட்டு எழுப்புறது? அழுதுட்டு வேற இருந்தாங்க."

ஆக, மூன்று மணி நேரம், பூட்டிய கதவுக்கு வெளியே, ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு நாலு பேரும் பயபக்தியோடு நின்றிருக்கிறார்கள்! கும்ரேக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"சமையல்கட்டு தீப்பிடிச்சு எரிஞ்சாலும் அவ ஆமென் சொல்ற வரைக்கும் நிப்பீங்க போல! அடியே ஒக்புன்! எறங்கி வாடி கீழ! ஒக்புன்!"

கும்ரே இருபத்தாறு வருடம் இந்தச் சமையலறையைக் கட்டி மேய்த்தவள். இன்றோடு சரி. பாஸ்டரிடம் கொடுக்க வேண்டிய கடிதம் ஏப்ரன் பையில் இருந்தது. இனி சர்ச்சுக்கு வருவதாக இல்லை. பிப்ரவரியில் புருஷனைப் புதைத்த பிறகு ஜெபமும் வரவில்லை, பாட்டும் வரவில்லை. அதைவிட, அடக்கத்தன்று ஒக்புன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, "ஸ்தோத்திரம், நல்ல எடத்துக்குப் போயிட்டாரு" என்று சொன்னாளே, அதுதான் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. இந்தக் கோஸுக்காகத்தான் இன்று வந்தாள்.

ஒக்புன் மாடிப்படியில் இறங்கி வந்தாள். கண் வீங்கியிருந்தது. முகத்தில் வழக்கமான அதே சிரிப்பு.

"ஸ்தோத்திரம் அக்கா! வெயில் என்னமா அடிக்குது பாருங்க!"

"வெயிலா? இதத் தின்னு பாரு மொதல்ல."

ஒக்புன் தின்றாள். முகம் கோணியது. கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, "ஸ்தோத்திரம்... அழுகிப் போகலையே!" என்றாள்.

கும்ரேக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு வெக்கமே கெடையாதா? எது போனாலும் இளிப்பியா? எம் புருஷன் பொணத்துக்குப் பக்கத்துலயும் இப்படித்தான் இளிச்சே!"

அலசிக்கொண்டிருந்த நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒக்புனின் சிரிப்பு போயிற்று. அந்த முகம் சிரிப்பில்லாமல் எப்படி இருக்கும் என்று கும்ரே இதுவரை பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இல்லை.

"அன்னிக்கு நான் பண்ணது தப்புதான்க்கா. அழுதா நிறுத்த முடியாதோன்னு பயந்துட்டேன்." ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். "நேத்து முதியோர் இல்லத்துக்குப் போனேன். எம் புருஷன் என்னைப் பாத்து, 'யாரும்மா நீ? எம் பொண்டாட்டி வந்தா கோவிச்சுக்குவா, கெளம்பு'ன்னுட்டாரு."

ஒக்புன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெனமும் பத்து விஷயத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டுத்தான் ஜெபத்துலருந்து எந்திரிப்பேன். நமக்கென்ன சந்தோஷம் தானாவா பொங்குது? தோண்டித்தான் எடுக்கணும். இன்னிக்கு மூணுக்கு மேல வரல. எந்திரிக்கவும் மனசில்ல. ஏழு மணிக்கு நாலாவது வந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா ஒன்பது. பத்தாவதுக்குக் கர்த்தர்கிட்ட சண்டையே போட்டேன்."

"கெடச்சுதா?"

"நீங்க கீழேருந்து கத்துனீங்களே, ஒக்புன் ஒக்புன்னு. என் பேரு தெரிஞ்ச ஒருத்தி இன்னும் இருக்கா, பேரச் சொல்லித் திட்டுறான்னு அதையே பத்தாவதா சொல்லி ஆமென் போட்டுட்டேன்."

கும்ரே வாயைத் திறந்தாள். திட்டத்தான் திறந்தாள். வந்தது சிரிப்பு. பத்து மாதமாக வராத சிரிப்பு, கூடவே கண்ணீரும். அவளுக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது.

"நல்லா தேடினே ஸ்தோத்திரம்! எந்திரி. தரையில உக்காந்து சளி புடிச்சா அதையும் நான்தான் பாக்கணும். முள்ளங்கி எவ்வளவு இருக்கோ எல்லாத்தையும் கொண்டாங்க. நறுக்கி இலைக்கு நடுவுல வெச்சா உப்ப இழுத்துக்கும். மசாலாவுல ஒரு கல் உப்பு போட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்."

மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசினார்கள். மூன்று மணிக்கு வண்டி நாற்பது டப்பாவோடு கிளம்பியது. கும்ரே ருசி பார்த்திருந்தாள். பிரமாதம் என்று சொல்ல முடியாது, சாப்பிடலாம்.

ஒக்புன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "நாளைக்கு அதிகாலை ஜெபத்துக்கு வருவீங்களாக்கா?"

"சாவியக் குடு."

"எதுக்குக்கா?"

"குடுன்னா குடு. இங்க ஒருத்திக்கும் உன்னைத் தொட்டு எழுப்பத் தைரியமில்ல. காதைப் புடிச்சு எழுப்ப ஒரு ஆளு வேணாமா?"

ஏப்ரன் பையில் சாவிக்கு இடமில்லை. கும்ரே உள்ளே கிடந்த கடிதத்தை எடுத்தாள். அடுப்பில் போட்டாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.