எட்டு நாள் எல்ஸ்பேரே பறித்த கூலி

பண்ணைக்காரன் ஸெகெட்னர் எனக்குத் தரவேண்டியது அறுநூற்று நாற்பது யூரோ. எட்டு நாள் ஏணி சாத்தி, எல்ஸ்பேரே மரத்தின் உச்சிவரை ஏறி, சுண்டைக்காய் அளவுப் பழங்களைக் கொத்துக் கொத்தாகக் கையால் பறித்த கூலி அது. அதில்தான் குளிர்காலத்துக்கு விறகு வாங்க வேண்டும்.

கேட்கப் போனேன். மரத்தடியில் மாட்டுச் சாணத்தில் ஊறிக் கிடந்த, உதிர்ந்த பழங்களை அள்ளி, நான் பறித்த பழங்களோடு சாராயப் பீப்பாயில் கொட்டிக்கொண்டிருந்தான். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"என்னய்யா இது, சாணியோட போடுற?"

"காய்ச்சினா எல்லாம் சுத்தம்தான், இக்னாஸ். வாங்குற வியன்னாக்காரனுக்கு என்ன தெரியும்? போன வருஷச் சரக்க மோந்துட்டு, ஆகா பாதாம் வாசனைன்னு கண்ண மூடிக்கிட்டான்!"

சிரித்தபடி, சாணி ஒட்டிய கையாலேயே இரண்டு சாராயப் பாட்டில்களை நீட்டினான். "காசு இல்ல. ஒண்ணு முந்நூத்தியிருபதுக்குப் போகும், வித்துக்கோ."

"இதுவும் அப்படிக் காய்ச்சினதுதானா?"

"பின்ன?"

விற்றால் விறகு வரும். ஆனால் யாரோ அதைக் குடிப்பார்கள். இரண்டையும் திறந்து எருக்குழியில் கவிழ்த்தேன்.

"பைத்தியமாடா உனக்கு? உன் கூலியே போச்சு!"

"போகட்டும். இனி நீ எனக்கு ஒண்ணும் தரவேணாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.