அடைகாத்த பந்துகள்

டார்ம்ஸ்டாட் கடையில் கணேசலிங்கம் டென்னிஸ் பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கினான், முகர்ந்தான், நிலத்தில் போட்டுத் துள்ளவிட்டான். கலியாணத்துக்கு முன் தன் படத்தைக்கூட அவன் இத்தனை கவனமாகப் பார்த்திருக்கமாட்டான் என்று யோகம் நினைத்தாள்.

"இதுதான் குளிருக்குத் தாக்குப்பிடிக்கும். மற்றதெல்லாம் செத்த பந்து."

ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் வந்திறங்கிப் பத்து வருடமாகக் குளிரோடு மல்லுக்கட்டுகிறவனாம், அவனுக்குத் தெரியாத குளிரா! பக்கத்துத் தட்டில் கம்பளிக் கையுறைகள் இருந்தன. அவள் ஒரு சோடியை எடுத்துக் காட்டினாள்.

"அடுத்த விண்டருக்குப் பாப்பம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மைதானத்துப் புல்லெல்லாம் உறைபனி. எந்தப் பந்தும் இதில் துள்ளாது என்பது அவனுக்கும் தெரியும். அதனால், போட்டியை ஒழுங்குசெய்தவன் என்ற பவிசில் ஒரு சட்டம் போட்டிருந்தான். இரண்டு ஓவருக்கு ஒருமுறை சூடான பந்து மாற்றவேண்டும். சூடாக்குவது யோகத்தின் வேலை. கோட்டுக்குள்ளே, கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பந்துகள். எழும்பி வரும் பந்தை மட்டும்தான் அந்த மகராசனுக்கு அடிக்கத் தெரியும். தாழ வந்தால் குனியவேண்டும், குனிய வயிறு விடாது. போன வருடம் பிராங்பேர்ட் அணியிடம் முட்டை வாங்கியவன். இந்தமுறையும் சறுக்கினால் அணித்தலைமை அசோகனுக்குப் போய்விடும்.

அசோகனின் மனைவி சிவகௌரி வந்து யோகத்தின் கையைப் பிடித்தாள்.

"என்னக்கா, விரலெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. அண்ணை ஒரு கிளவுஸ் வாங்கித் தரேல்லையோ?"

துடுப்போடு தன் முறைக்குக் காத்து நின்ற கணேசலிங்கம் முந்திக்கொண்டான். "அவவுக்கு என்னத்துக்கு? எங்கட அடைக்கோழியல்லோ!"

பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யோகமும் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்காமல் நிற்க அவள் இன்னும் பழகவில்லை. அந்தச் சிரிப்புக்காகத் தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

அவன் துடுப்பெடுத்துப் போனதும், இரண்டு பந்துகளையும் கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் காலடிப் பனிப்புல்லில் போட்டாள்.

கடைசி ஓவர். வெல்ல ஆறு ஓட்டம் வேண்டும். நிற்பது கணேசலிங்கம்.

"யோகம், பந்து!" என்று நடுவிலிருந்து கத்தினான்.

குனிந்து ஒன்றை எடுத்தாள். சில்லிட்டிருந்தது. வீசினாள். பிராங்பேர்ட் பந்துவீச்சாளன் அதை ஒருதரம் அமுக்கிப் பார்த்தான், அவளைத் திரும்பிப் பார்த்தான், பந்துவீச நடந்தான். கணேசலிங்கம் வயிற்றை எக்கி, எல்லைக் கோட்டுக்கும் அப்பால் மரங்களைப் பார்த்துத் துடுப்பை உயர்த்தினான்.

யோகம் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் விட்டுக்கொண்டாள். அங்கே நல்ல சூடாக இருந்தது.