ஒரு நொடியா, இரண்டரை நொடியா

லோகுவின் இரண்டு லைட் மீட்டர்களும் இரண்டரை நொடி என்றன. ஜெபாவின் மீட்டர் ஒரு நொடி என்றது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கம்பெனி வண்டி ஸ்டாண்டின் கூரை நிழலில் ஜெபா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். லோகு அவள் முகத்துக்கு நேராக முதலில் ஒரு மீட்டரை நீட்டினான், பிறகு இன்னொன்றை. இரண்டும் பழையவை, உள்ளங்கையில் அடங்குபவை. எதிரே இருக்கும் பொருளிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அந்த அளவுக்கு அவற்றின் முள் நகரும். கேமராவின் லென்ஸை எத்தனை நொடி திறந்துவைக்க வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஜெபாவினுடையது கம்பெனியின் மீட்டர். அவள் சேஃப்டி பிரிவில் வேலை பார்க்கிறாள். ஷெட்டுக்குள் போதுமான வெளிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அது முகத்தைப் பார்ப்பதில்லை, தன்மேல் விழும் வெளிச்சத்தை மட்டும் அளக்கும். அதைக் கேமராவின் கணக்குக்கு மாற்றினால் ஒரு நொடி வந்தது. திரும்பப் போட்டுப் பார்த்தாலும் அதேதான்.

“ரெண்டு பேரு ஒண்ணு சொல்றான், ஒருத்தன் ஒண்ணு சொல்றான்,” என்றான் லோகு. “மெஜாரிட்டி எனக்குத்தான்.”

“என்னுது வருஷா வருஷம் சர்டிஃபிகேட் வாங்கிக்கினு வருது. உன்னுது ரெண்டும் குப்பையில கெடந்துச்சு.”

குப்பை என்று சொல்ல முடியாது, சென்னையில் பழைய சாமான் விற்கிறவரின் தார்ப்பாயில் கிடந்தவை. ஒன்றுக்குத் தேன்கூடு போலக் கண்ணாடிக் கண், பேட்டரியே வேண்டாம். மற்றொன்றின் வயிற்றுக்குள் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. லோகு அதை வினிகரில் துடைத்தான். அறுந்த கம்பியைப் பற்றவைத்தான். ஒட்டிக்கொண்டிருந்த முள்ளை மூச்சுக்காற்றுப் படாமல் விடுவித்தான். முதல் முறை அந்த முள் அசைந்தபோது, நெடுங்காலம் தூங்கிய ஒன்று தன்னைத் திரும்பிப் பார்த்ததாக அவனுக்குத் தோன்றியது.

இப்போது அது என்ன சொல்கிறது என்றுதான் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் புரிந்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தில் அவன் அம்மா முத்தம்மா முடி இறக்கப் போகிறாள். போன வருஷம் லோகு டெங்குவில் படுத்திருந்தபோது பவானி அம்மனிடம் வேண்டிக்கொண்டது. பிரித்துவிட்டால் இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி அவளுக்கு. தனக்காக அது போகிறது என்ற நினைப்பு லோகுவை அரித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். போனில் என்றால் வேண்டவே வேண்டாம் என்றாள் முத்தம்மா. முன்பு ஒரு தடவை அவள் முடி உலர்த்திக்கொண்டிருந்ததை அவன் அக்கா போனில் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். பால் ஊற்றுகிறவர் வரைக்கும் விசாரித்தார்கள்.

“பேப்பர்ல வர்றதா இருந்தா எடு. ஒண்ணே ஒண்ணு. காப்பி கீப்பி இன்னொருத்தன் கைக்குப் போவக் கூடாது.”

அதற்கு ஏற்ற காகிதம் லோகுவிடம் இருந்தது. ஃபிலிம் இல்லாமல், நெகட்டிவ் இல்லாமல், கேமராவுக்குள் நேராகக் காகிதத்திலேயே படம் விழும். எடுத்தால் அந்த ஒன்றுதான். ஆனால் அது பிடிவாதக்காரக் காகிதம், வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் வெளுத்துப்போய்விடும். தன் மரக் கேமராவில் வைத்துப் பழகியதில் ஒரு தாள் நன்றாக வந்தது, இரண்டு சுத்தமாக வெளுத்தன. படம் கழுவும் மருந்து பழசாகிவிட்டதா, மீட்டரின் அளவு தப்பா என்று சொல்ல முடியவில்லை. மிச்சம் ஒரே தாள். ஒரு நொடி சரியென்றால் இரண்டரை நொடியில் அம்மாவின் முகம் வெள்ளைத் துணியாகிவிடும். இரண்டரை சரியென்றால் ஒரு நொடியில் முடியும் முகமும் ஒரே இருட்டாகிவிடும்.

“எம்மூஞ்சி கருப்பா கீதுன்னு முள்ளு கம்மியா காட்டுதோ இன்னாவோ,” என்றாள் ஜெபா.

“எங்கம்மா மட்டும் இன்னா வெள்ளக்காரியா?”

சுவர், கேட், வேப்பமரம் என்று எல்லாவற்றின் பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். எங்கே திருப்பினாலும் லோகுவின் மீட்டர்கள் கூடுதல் நேரமே கேட்டன. போனில் இருந்த ஆப் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொன்னது. அதை மூடிவிட்டான்.

லோகு மீட்டர்களின் அளவைச் சரிபார்த்துத் திருத்திய இடத்துக்கே போய்ப் பார்ப்போம் என்று ஜெபா சொன்னாள். அது அவர்கள் கம்பெனியின் நிறம் பார்க்கும் பூத். மின் பேனல் பெட்டிகளுக்குப் பவுடர் பூசிச் சூளையில் வேகவைத்து அனுப்புகிற கம்பெனி அது. லோகு பூச்சு லைனில் இருக்கிறான். வெந்து வந்த தகட்டை அந்த பூத்தின் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து, மாதிரித் தகட்டோடு ஒப்பிட்டுப் பாஸ் போடுவார்கள். இந்த வகை மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். அதனால் திருத்தும்போது ஒரு சாம்பல் பொருளைத்தான் காட்ட வேண்டும் என்று லோகு எங்கோ படித்திருந்தான். சாம்பலுக்கு அந்தக் கம்பெனியில் என்ன குறை? அன்று பேனல் பெட்டிக்கு அடிக்கும் சாம்பலில் ஒரு துண்டுத் தகட்டை எடுத்து பூத்தில் வைத்தான். முள் நிற்க வேண்டிய இடத்தைக் கணக்குப் போட்டான். இரண்டிலும் முள் அதைத் தாண்டி ஓடியது. பழசு, கோளாறு என்று நினைத்துத் திருகாணியைத் திருகி இழுத்து நிறுத்தினான்.

இப்போதும் பூத்துக்குள் அதே தகட்டை வைத்துப் பார்த்தபோது மூன்று மீட்டர்களும் அச்சாக ஒன்றையே சொன்னன. வெளியே வந்தால் திரும்பவும் இரண்டு கட்சி.

“டியூப் லைட்டுல சரி, வெயில்ல தப்பு,” என்றாள் ஜெபா. “ஆனா யாருது தப்பு? என்னுதையும் டியூப் லைட்டுலதான செக் பண்றாங்க.”

அந்த வாரம் முழுக்க லோகுவுக்கு எந்த வெளிச்சத்தைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. சூளை வாய்ச் சிவப்பு, ரயில் பெட்டிக்குள் சாயங்காலம், பால் கவரின்மேல் விழும் காலை. எல்லாம் இருக்கிற அளவில்தான் இருக்கின்றனவா, தனக்கு அப்படித் தெரிகின்றனவா என்று குழம்பினான். ஒரு தடவை சோற்றுத் தட்டின்மேல் மீட்டரைப் பிடித்தான். முத்தம்மா தட்டை இழுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தில் வேப்பிலை வாசமும் கற்பூரப் புகையுமாக இருந்தது. வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டவர்கள் கோயிலைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். முடி இறக்க டோக்கன் வாங்கிவிட்டு, கூட்டம் விலகிய ஒரு மரத்தடியில் லோகு கேமராவை நிறுத்தினான். ஜெபாவும் வந்திருந்தாள். உங்க கோயிலுக்கு நான் வந்ததைப் பாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க மா என்று முத்தம்மாவிடம் சொல்லிச் சிரிக்கவைத்தாள்.

முத்தம்மா கொண்டையை அவிழ்த்தாள். முடி தோளில் விழுந்து மடியில் சேர்ந்தது. லோகு முகத்துக்கு நேராக மீட்டரை நீட்டினான். இரண்டரை நொடி. ஜெபா அவள் கன்னத்தருகே தன் மீட்டரை வைத்தாள். ஒரு நொடி.

“இன்னாடா, போட்டோ எடுக்கறியா, எனக்கு ஜுரம் பாக்கறியா?” என்றாள் முத்தம்மா. “நம்பர் வந்துடும், சீக்கிரம்.”

லோகுவுக்கு வேறு வழி தெரியவில்லை. பூத்துக்குள் செய்ததையாவது அப்படியே செய்து பார்க்கலாம் என்று பையிலிருந்து சாம்பல் தகட்டை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தான். மீட்டரைத் தகட்டின் பக்கம் காட்டினான். முள் ஒரு நொடிக்குத் தாவியது.

கோளாறு டியூப் லைட்டிலும் இல்லை, வெயிலிலும் இல்லை. தகடு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வேறு. லோகு மீட்டரைக் கீழே இறக்கிவிட்டு மடியைப் பார்த்தான். கருத்த முடி, அதன்மேல் அம்மாவின் கை, பின்னால் மரப்பட்டை, காலடியில் மண். அவ்வளவுக்கும் நடுவில் தகடு மட்டும் சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல் வெளிறிக் கிடந்தது. கம்பெனியில் அது எப்போதும் தன் நிறத்துத் தகடுகளோடுதான் அடுக்கியிருக்கும். அங்கே நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்களே தவிர, எவ்வளவு வெளிறியது என்று யாரும் கேட்டதில்லை. அவனும் கேட்கவில்லை.

“நடுத்தரச் சாம்பல் இல்ல இது,” என்றான் ஜெபாவிடம். “ரொம்ப வெளுப்பு. இத வெச்சு ஒழுங்கா இருந்த ரெண்டையும் நான்தான் கெடுத்துட்டேன்.”

ஜெபா தகட்டையும் முத்தம்மாவின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப தகட்ட பாத்தா மட்டும் எப்டிடா கரெக்டா சொல்லுது?”

“தப்பான தகட்டுக்குத் தப்பா திருகினது. அந்தத் தகட்டு முன்னாடி மட்டும் கரெக்ட்.”

சொல்லிவிட்டானே தவிர, சொன்னது முழுசாகத் தனக்குப் புரிந்ததா என்று அவனுக்கு நிச்சயமில்லை. மண்டபத்திலிருந்து டோக்கன் எண்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு நொடி என்று முடிவு செய்தான். தகட்டை எடுத்துவிட்டு அம்மாவை அசையாமல் இருக்கச் சொன்னான். லென்ஸைத் திறந்து மூடினான். அந்த ஒரு நொடியில் அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பிறகு எழுந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் மண்டபத்துக்குள் போனாள்.

மதியம் வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவிடுக்கில் துணி செருகி, சிவப்பு பல்பைப் போட்டுத் தாளை மருந்தில் இறக்கினான். முதலில் முடி வந்தது. இழை இழையாக, வெளுக்காமல், கரிந்துபோகாமல். பிறகு கழுத்து, கன்னம், கண். ஒரு நொடிதான் சரி. லோகு கழுவி எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான்.

அதில் இருந்தது அம்மா இல்லை.

அதே முடி, அதே புடவை. ஆனால் மூக்குத்தி மறுபக்கம் இருந்தது. உதட்டோரம் சரிகிற இடம் மாறியிருந்தது. அம்மாவின் சாயலில் யாரோ ஒருத்தி, அவளுக்கு இருந்திருக்கக்கூடிய ஒரு தங்கை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் காகிதத்தில் இடம் வலமாக மாறித்தான் படம் விழும் என்று அவனுக்குத் தெரியும். மரத்தையும் கேட்டையும் எடுத்தபோது அது ஒரு விஷயமாகவே படவில்லை.

முத்தம்மா சந்தனம் பூசிய தலையோடு வந்து படத்தை வாங்கினாள். நேராகச் சுவர்க் கண்ணாடியின் முன் போய் நின்று, படத்தையும் தன்னையும் பார்த்தாள்.

“நானேதான். மூக்குத்திகூட அதே பக்கம் கீது பாரு. உங்கக்கா புடிச்ச போட்டோல என்னைய யாரோ மாதிரி காட்டியிருந்தா.”

புடவைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துக்கொண்டு அவனிடம் திரும்பினாள். “இன்னா பேயறைஞ்ச மாதிரி நிக்கற? நல்லாதான வந்துகீது?”

லோகு தலையாட்டினான். ஜெபாவுக்குச் சொல்லப் போனை எடுத்தான். படம் சரியாக வந்திருக்கிறது என்று அடித்தான். அம்மாவை ஒரு தடவை பார்த்தான், அவள் கையிலிருந்த படத்தை ஒரு தடவை பார்த்தான். அனுப்பாமல் நின்றுகொண்டிருந்தான்.