பஞ்சுவின் குரல் கடைசி வரிசைக்குப் போன விதம்

1

இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. நாடகப் பள்ளியொன்றின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ஒரு கூட்டமே வட்டமாக நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. “இன்னும் பெருசா! தொண்டை திறக்கணும்!” என்று அதட்டிக்கொண்டிருந்தார் குரல் பயிற்சி தரும் வாத்தியாரம்மா. என் கதைகளைப் படித்துக் கொட்டாவி விட்டவர்களை அறிவேன். அதைப் பாடமாகவே நடத்துவதை அன்றுதான் பார்த்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘குரல் என்பது ஆன்மாவின்—’

சீ. (அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

வாத்தியாரம்மாவின் தலைவலிக்குப் பெயர் பஞ்சு. பேசினால் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது என்பதால் வந்த பட்டம். அரங்கேற்றம் நெருங்கிவிட்டது, முக்கிய வேடம் அவளுக்கு. மற்றவர்கள் உதட்டை அதிரவிட்டு, ‘ம்ம்ம்’ என்று ரீங்கரித்து முடித்ததும், வாத்தியாரம்மா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பஞ்சு மேடையில் வசனம் சொன்னாள். சொன்னாள் என்று நம்புவோம்.

“கேக்கலைம்மா.”

“கத்தினா அசிங்கமா இருக்கும், மேடம்.”

“யாரு கத்தச் சொன்னா? வயித்துலேர்ந்து மூச்சை எடுத்து அனுப்பு. இன்னைக்கும் வரலைன்னா வேஷம் வேற ஆளுக்குத்தான்.”

சொல்லிவிட்டாரே தவிர, மனசு கேட்கவில்லை. அந்த முகம் பேசுவதுபோல் வகுப்பில் வேறு எந்த முகமும் பேசாது.

3

இங்கே பஞ்சுவின் அண்ணன் நுழைகிறான். (அவனை நல்லவனாக்கியும் எழுதிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது.)

“கம்ப்யூட்டர் கிளாஸுன்னு சொல்லிட்டு இங்க வந்து மாடு மாதிரி ‘ம்ம்ம்’ங்கிறியா? கெளம்புடி!”

பஞ்சு ஏதோ முணுமுணுத்தாள்.

“என்னது?”

வாத்தியாரம்மா எழுந்தார். தான் பேசினால் இது தன் சண்டையாகிவிடும் என்று தோன்றவே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மேடையில் பஞ்சுவின் தோள் தணிந்தது. வயிறு மெல்ல உப்பியது.

“நான் வரலண்ணா. நடிக்கப்போறேன்.”

சுவர் அதிர்ந்தது என்று எழுதினால் பொய். ஆனால் கடைசி வரிசைக்கு ஒரு சொல்கூடச் சிந்தாமல் வந்து சேர்ந்தது. வாத்தியாரம்மாவுக்குப் புல்லரித்தது.

“மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்கிறாங்க,” என்றான் அண்ணன். இப்போது அவன் பேசுவதுதான் யாருக்கும் கேட்கவில்லை.

“பாக்கட்டும்.”

“அம்மாகிட்ட நீயே சொல்லிக்க,” என்று அவன் வெளியேறினான்.

பஞ்சு மேடை விளிம்பில் உட்கார்ந்தாள். “தண்ணி குடிச்சிட்டு வா. வேஷம் உனக்குத்தான்,” என்றார் வாத்தியாரம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

4

அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவதாக ஒரு முடிவு எழுதினேன். என் மனைவி படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா கதவைப் பூட்டிவிடுவதாக இன்னொன்று. அதற்கு எனக்கே மனம் வரவில்லை.

ஆகவே, சாயங்காலம். பஞ்சு வீட்டு வாசலில் நிற்கிறாள். அம்மா கதவைத் திறந்து, “எங்கடி போயிருந்தே?” என்கிறாள்.

அடுத்த வசனம் உங்களுடையது. மனசுக்குள் படிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.