வாய்க்கால்கள் போய்ச் சேரும் இடம்

அடுப்பை யார் சுமப்பது என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது.

மலையின் தோளில் இருந்த இடிந்த நகரத்தின் வாசலில் இருவரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். சிட்டு தன் முதுகுப்பையைத் திறந்து கேஸ் அடுப்பை எடுத்து அண்ணியின் முன்னால் வைத்தாள்.

"நேத்து முழுக்க நான் தூக்கினேன். இன்னைக்கு உங்க முறை."

அண்ணி ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவள். தோளும் கையும் உரமேறியவை. அந்த எடை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கிளம்பிய நாளிலிருந்து அடக்கி வைத்திருந்தது அந்த அடுப்பைப் பார்த்ததும் பொங்கிவிட்டது. இந்த மலையேற்றப் பயணத்துக்கு அவளோடு வந்திருக்க வேண்டியவன் அவள் கணவன். அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் கடைசி நேரத்தில் லீவு இல்லையென்று கைவிரித்துவிட்டார்கள். "தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயேன், அவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்று கோர்த்துவிட்டவன் அவன்தான். கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்த சிட்டு, குளிர்காலம் தொட்டு ஹால் சோபாவிலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தாள்.

"முறையா? வீட்ல என்னைக்காவது முறை பார்த்திருக்கியா? பாத்திரம் கழுவறதுல, துணி காயப்போடறதுல?"

"ஓஹோ, அங்க வர்றீங்களா? வாங்க. மனசுல இருக்கறதை எல்லாம் கொட்டிடுங்க அண்ணி."

"எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கப்போற? அதை மட்டும் சொல்லு."

சிட்டுவின் முகம் சுருங்கியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். அண்ணி அடுப்பைத் தன் பையில் திணித்துக்கொண்டு வேண்டுமென்றே மெதுவாகப் போனாள். கொஞ்சம் தனியாகப் போய் ஆறட்டும் என்று நினைத்தாள்.

கூரையில்லாத வீடுகள் வரிசையாக நின்றன. சுண்ணாம்பு பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்திக் கட்டிய சுவர்கள். வாசற்படிகள் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தன. பருவம் முடிந்துவிட்டதால் வேறு பயணிகள் யாரும் இல்லை. கீழே குடிசையில் இருந்த காவல்காரர் காலையிலேயே எச்சரித்து அனுப்பியிருந்தார்: "மத்தியானத்துக்குள்ள பார்த்துட்டுக் கிளம்பிடுங்கம்மா. மேகம் இறங்குச்சுன்னா பக்கத்துல நிக்கறவங்க தெரியமாட்டாங்க. கயிறு கட்டின இடத்துக்குள்ள மட்டும் கால் வைக்காதீங்க, தரை பொல்லாதது." நகரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்குவதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஆகவே அவர்கள் திரும்பி வரவில்லை என்று யாரும் தேடப்போவதில்லை.

அண்ணி ஒரு சுவரைச் சுற்றி வந்தபோது கல் உடையும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு அலறல். பிறகு தண்ணீரில் ஏதோ விழும் சத்தம்.

ஓடினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு முற்றம். அதன் நடுவில், பலகைக்கல் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை. குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். குடம்போல வாய் குறுகி, உள்ளே அகன்று போகும் ஒரு பழைய நீர்த்தொட்டி. இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, இடுப்பளவு தண்ணீரில் சிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"சிட்டு! அடிபட்டுச்சா?"

"கை... வலது கை போச்சு அண்ணி. மணிக்கட்டு தொங்குது. தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு."

போனில் சிக்னல் இல்லை. முதுகுப்பையின் பட்டையில் இருந்த விசிலை எடுத்து, நெஞ்சு எரியும் வரை ஊதினாள். பதிலுக்கு மலை அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

"நான் கீழ ஓடிப்போய் அவரைக் கூட்டிட்டு வரேன். அசையாம நில்லு."

"சீக்கிரம் அண்ணி" என்றாள் சிட்டு. குரலில் கோபமே இல்லை. அண்ணி ஓடினாள்.

நகர வாசலை எட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பனித்துகள் கலந்த மழை. தெருவின் ஓரத்தில் கல்லில் வெட்டிய சிறு வாய்க்கால் ஒன்றில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததைப் பார்த்தாள். அடுத்த தெருவிலும் ஒன்று. எல்லாம் ஒரே திசையில் ஓடின. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஊர்க்காரர்கள் ஒரு சொட்டு மழையையும் வீணாக்காமல் இருக்க இதையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். அத்தனை வாய்க்காலும் போய்ச் சேருவது அந்தத் தொட்டிக்குத்தான்.

வந்த வழியே திரும்பி ஓடினாள்.

முற்றத்தின் மூன்று பக்கமிருந்தும் தண்ணீர் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. தன் பையிலிருந்து ஸ்லீப்பிங் பேக்கை உருவி ஒரு வாய்க்காலில் அடைத்து மேலே கல்லைப் போட்டாள். இரண்டாவதில் மழைக்கோட்டையும் மாற்றுத் துணிகளையும் திணித்தாள். மூன்றாவதற்குக் கையில் ஒன்றுமில்லை. மண்ணையும் சரளையையும் நகத்தால் சுரண்டிச் சுரண்டி அணை போட்டாள். தண்ணீர் குறைந்தது, நிற்கவில்லை.

"எது வரைக்கும் இருக்கு?" என்று கத்தினாள்.

"நெஞ்சுக்கு வந்துடுச்சு. கால் இருக்கறதே தெரியல அண்ணி." பேச்சு குழறியது. "தூக்கம் வருது."

"தூங்கினே, கொன்னுடுவேன்!"

அண்ணி கூடாரத்தை வெளியே இழுத்தாள். ரொட்டி வெட்டும் கத்தியால் அதை நீளநீளமாகக் கிழித்தாள். விரல்கள் மரத்துப்போயிருந்தாலும், தினமும் மாவைப் பின்னிப் பின்னிப் பழகியவை தாமாகவே மூன்று புரி பின்னின. நுனியில் உடம்பு நுழையும் அளவுக்கு ஒரு வளையம், அதற்குக் கீழே கால் வைக்க ஒரு வளையம். மறுமுனையை இடிந்த கதவுநிலையின் கல்தூணில் சுற்றி, வளையத்தை உள்ளே இறக்கினாள்.

"தலையை விடு. அக்குளுக்குக் கீழ வரட்டும். கீழ் வளையத்துல காலை வை. நான் இழுக்கறப்ப எம்பு."

இழுத்தாள். முதுகு தெறித்துவிடும்போல இருந்தது. சிட்டுவின் தலை வெளிச்சத்துக்கு வந்தது. இன்னும் ஒரு முழம்தான். அந்த நேரம் எங்கோ ஒரு முடிச்சு நழுவியது. அண்ணி மல்லாந்து விழுந்தாள். கீழே தண்ணீர் தெறித்தது.

பிறகு சத்தமே இல்லை.

"சிட்டு! ஏய்! பேசுடி!"

"போயிடுங்க அண்ணி" என்று மெல்லக் கேட்டது. "என்னால ஆகாது. அண்ணன்கிட்ட... நானேதான் கயிறைத் தாண்டிப் போனேன்னு சொல்லிடுங்க."

அழுதால் எல்லாம் முடிந்தது என்று அண்ணிக்குத் தெரிந்தது. அவிழ்ந்த முடிச்சை இரட்டையாகப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கியபடியே கத்தினாள்.

"ஆமாண்டி, ஆகாது! மாசக்கணக்கா என் சோபால உருளத் தெரிஞ்சுது, ஒரு கயித்தைப் பிடிக்கத் தெரியலையா? உன் புருஷன் வீட்டுலயும் இப்படித்தான் பாதியில விட்டுட்டு வந்தியா?"

தொட்டிக்குள்ளிருந்து ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். "அவனைப் பத்திப் பேசாதீங்க."

"பேசுவேன். உன்னால என்ன பண்ண முடியும்?"

"அவன் அடிச்சான்! தெரியுமா உங்களுக்கு? அடிச்சான்!"

அண்ணியின் கை ஒரு கணம் நின்றது. அது அவளுக்குத் தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரியாது.

"மேல வா" என்றாள். வளையத்தை மறுபடி உள்ளே இறக்கினாள். "மேல வந்து சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. கயித்தைப் பிடிடி கண்ணு, பிடி."

இந்த முறை சிட்டு உதைத்தாள், திட்டினாள், அழுதாள், எம்பினாள். அவள் எம்பும்போதெல்லாம் அண்ணி கிடைத்த தளர்வைத் தூணில் சுற்றினாள். தலை வந்தது. முழங்கை விளிம்பில் ஏறியது. அண்ணி கயிற்றைத் தூணில் முடிந்துவிட்டுப் பாய்ந்து, அவள் சட்டையையும் தலைமுடியையும் சேர்த்துக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் போட்டாள். இருவரும் அந்தச் சேற்றிலேயே கிடந்தார்கள்.

சிட்டுவால் நிற்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. நடுக்கமும் நின்றுபோயிருந்தது, அது நல்லதல்ல என்று அண்ணிக்குத் தெரியும். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டி, பைகளை அங்கேயே விட்டுவிட்டு, அவளை உப்புமூட்டை தூக்கிக்கொண்டாள். மேகம் இறங்கிவிட்டிருந்தது. தேய்ந்த படிகளைக் காலால் தடவித் தடவி இறங்கினாள். வழியெல்லாம் "சொல்லு, பேசு" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சிட்டு துண்டு துண்டாகச் சொன்னாள். சிலது காதில் விழுந்தது, சிலது காற்றில் போயிற்று. விழுந்ததே போதும் போதும் என்றிருந்தது.

குடிசைக் கதவை அண்ணி காலால்தான் உதைத்தாள். காவல்காரர் அடுப்பருகே சிட்டுவைக் கிடத்தி, ஈரத்தைக் களைந்து போர்த்தச் சொல்லிவிட்டு, வயர்லெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

சிட்டு பிழைத்துக்கொண்டாள். மணிக்கட்டு பிழைக்கவில்லை. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவில்லை. அவள் சலூனில் முடிவெட்டுகிறவள். டாக்டர் அறையில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கத்தரிக்கோல் பிடிக்கலாமா டாக்டர்?"

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "பார்க்கலாம்மா" என்றார்.

வெளியே வராந்தாவில் அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். "எதுக்கு அண்ணி என்னை மேல இழுத்தீங்க? எதை வச்சு நான் பொழைக்கறது?"

அண்ணி சிட்டுவின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். சிட்டு அதை உருவிக்கொள்ளப் பார்த்தாள். அண்ணி விடவில்லை. உருவிக்கொள்ளும் அளவுக்கு வலு சிட்டுவிடம் இல்லை. லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க, இருவரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.